வாடகை எவ்வளவுக்கா?

கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா என் ஊர். அங்கே வாடகைக்கு எடுத்த கடையில் அப்பா மளிகை வியாபாரம் செய்கிறார். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இப்போது பல்கலைக்கழகத்தில் சொத்து மதிப்பீடு பயில்கிறேன். அது என்ன படிப்பு என்று கேட்காத உறவினர் இல்லை. வீட்டுக்கும் கடைக்கும் விலை சொல்லும் படிப்பு என்பேன். "அதுக்குமா படிக்கணும்?" என்று அடுத்த கேள்வி வரும்!

தொழிற்பயிற்சிக்காகச் சிங்கப்பூரில் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் வேலையே லிட்டில் இந்தியாவில் கடைவீடுகளைப் பார்வையிடுவது. நம்மவர்கள் அந்த இடத்தைத் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேசர் அளவுகோல், கக்கத்தில் படிவம் என்று சிராங்கூன் சாலையில் இறங்கியபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருபுறம் பஃபலோ சாலை, அதற்கு அடுத்தாற்போல் கெர்பாவ் சாலை. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. ஒரே எருமைக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு! ஒரு காலத்தில் இப்பகுதியில் கால்நடை வணிகம் செழித்திருந்ததன் அடையாளம் அது. இப்போது எருமையும் இல்லை, தொழுவமும் இல்லை; பெயர் மட்டும் நிற்கிறது.

என் மேற்பார்வையாளர் ஒரு சீனப் பெண்மணி. பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7-ஆம் நாள் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே உரிமையாளர் நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. கூரை, முகப்பு, மரச்சன்னல், மரப்படி, நடுமுற்றம் என ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. நாங்கள் அவற்றைப் படம் எடுத்தோம்; விரிசலைக் குறித்தோம்; கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடியையும் அளந்தோம்.

அடுத்தது வாடகை. கணக்கு எளிமையானது. செலவு போக மாதம் 10,000 வெள்ளி தரும் கடை, ஆண்டுக்கு 120,000 தரும். முதலீட்டாளர் 3 விழுக்காடு வருவாய் எதிர்பார்த்தால் அக்கட்டடத்தின் மதிப்பு 4 மில்லியன். மாத வாடகையில் 1,000 வெள்ளி கூடினால் மதிப்பில் 400,000 வெள்ளி கூடிவிடும். வகுப்பில் இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அந்த 1,000 வெள்ளியைத் தருபவரின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அது ஒரு பூக்கடை. தெருப்பெயர் வேண்டாம். அக்கா ஒருவர் மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்தார். என் மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் "முதலாளிக்குத் தெரியும்" என்று ஒரே பதில்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து, "வாடகை எவ்வளவுக்கா கட்டுறீங்க?" என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "தம்பி தமிழா? எந்த ஊரு?" என்று விசாரித்தார். மலையிலிருந்து வருகிறேன் என்றதும் ஒரு முழம் பூவை நீட்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வாடகை இவ்வளவு, ஒப்பந்தம் இன்னும் எட்டு மாதம், பழைய உரிமையாளர் நல்லவர், நெடுநாளாக ஏற்றவில்லை, இப்போது விற்கப் போவதாகக் கேள்வி. "நீ தமிழ்ப் புள்ள, அதான் சொல்றேன்" என்றார்.

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை அலுவலகத்தில் அந்தப் பகுதியை நானே தட்டச்சு செய்தேன். "தற்போதைய வாடகை சந்தை வாடகையைவிடக் குறைவு. ஒப்பந்தம் எட்டு மாதத்தில் முடிவதால் உயர்த்த வாய்ப்புண்டு." பிழையில்லாத ஆங்கிலம். மேற்பார்வையாளர் பாராட்டினார். மேசையில் மல்லிகை மணத்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வாக்கியங்களும் அக்கா என்னை நம்பிச் சொன்னவை என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழ்ப்பள்ளி தந்த மொழியில் கேட்டு வாங்கியதை, பிற்பாடு கற்ற மொழியில் வாங்கப் போகிறவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

நான் பொய் எழுதவில்லை, எழுதவும் கூடாது. மதிப்பீட்டாளன் இரக்கத்துக்காக எண்ணை மாற்றினால் அப்புறம் அவன் எண்ணை யார் நம்புவது? ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரில் 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001-இல் நீக்கப்பட்டது. நம் நாட்டில் அதுபோன்ற சட்டம் 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் தலைமுறையாக இருந்த பலர் வெளியேறினார்கள். அந்தச் சட்டங்களால் பழுதுபார்க்கப்படாமல் சிதைந்த கட்டடங்களும் உண்டு என்பதையும் படித்திருக்கிறேன். இன்று மரச்சன்னலை மாற்றுவதென்றால் அனுமதி வேண்டும். அதன் கீழே பூக்கட்டுகிறவர் மாறினால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அட்டை இல்லாமல், தேக்காவுக்குப் போனேன். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் இல்லை. எவரும் தெரிந்துகொள்ளக்கூடியதை மட்டும் சொன்னேன். 2024 பிப்ரவரி 1 முதல் சில்லறைக் கடை வாடகை ஒப்பந்தங்களுக்கு ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் இரு தரப்பும் நடந்துகொள்ள வேண்டிய முறையை அது வகுக்கிறது. ஆனால் வாடகைக்கு உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. எனவே எட்டாவது மாதம்வரை காத்திருக்காமல் முதலாளியிடம் சொல்லி இப்போதே புதுப்பிக்கக் கேட்கச் சொல்லுங்கள், எதையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள் என்றேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டுக்கொண்டார். "அப்ப வாடகை ஏறுமா தம்பி?"

"ஏறலாம்க்கா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இம்முறை பூவும் தரவில்லை.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அப்பாவுக்குத் தொலைபேசினேன். "நம்ம கடை ஒப்பந்தம் எத்தனை வருசம்பா?"

"ஒப்பந்தமா? டவுக்கேகிட்ட வாய்ப்பேச்சுதான்டா. இருபது வருசமா அப்படித்தானே ஓடுது" என்று சிரித்தார்.

விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த ஒப்பந்தத்தை எழுத உட்காரப் போகிறேன். அப்பாவிடமும் அதே கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்: வாடகை எவ்வளவு?