கோடையில் ஒரு கடற்கரைச் சாலை

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் குடும்பங்களின் உள்ளம் மலைகளையே நாடுகிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் அவ்வூர்கள் தாங்கும் அளவுக்கு மேல் மக்கள் குவியவே, உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே 7 முதல் அங்குச் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. மலைச்சாலையில் மணிக்கணக்காக வண்டிக்குள்ளேயே அமர்ந்திருந்து, ஏரியை ஒருமுறை சுற்றி நடந்து திரும்புவதை இளைப்பாறுதல் என்று எவ்வாறு சொல்வது? வேறொரு வழியை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன். தூத்துக்குடியில் புறப்பட்டு, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரியை அடைந்து, அங்கிருந்து மேற்கே முட்டம் வரை செல்லும் கடற்கரைச் சாலை அது. வெயில் கடுமைதான், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் விடியற்காலையிலும் மாலையிலும் பயணம் செய்து, நண்பகலில் நிழல் தேடி அமரும் குடும்பத்திற்கு இரண்டே நாள்களில் இத்தனை விதமான காட்சிகளை அளிக்கும் சாலைகள் தென்னாட்டில் மிகச் சிலவே.

தூத்துக்குடியில் முதல் நாள் இரவே தங்கிவிடுவது நலம். 1713ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டு, 1982இல் பசிலிக்கா என்னும் தகுதிபெற்ற பனிமய அன்னை ஆலயத்தைக் கண்டு, மறுநாள் கதிரவன் எழுமுன் திருச்செந்தூர்ச் சாலையைப் பிடிக்க வேண்டும். சாலையின் இருமருங்கும் உப்பளங்கள். கோடையே உப்பு விளையும் காலம். கண்ணாடிச் சதுரங்களைப் போல் பரந்து கிடக்கும் பாத்திகளில் விடியலின் செவ்வானம் அப்படியே இறங்கியிருக்கும். வரப்புகளில் வெண்குவியல்கள் எழுந்து நிற்கும். படம் எடுப்போர் அனைவரும் இங்கு வண்டியை நிறுத்துகின்றனர். அந்த வேளையிலேயே, நீண்ட கழியில் பலகை பொருத்திய கருவியைக் கொண்டு ஆண்களும் பெண்களும் உப்பை வாரிக்கொண்டிருப்பதையும் காணலாம். அவர்கள் இருட்டிலேயே வேலையைத் தொடங்குவது அழகிய ஒளிக்காக அன்று. வெயில் ஏறிவிட்டால் வெள்ளுப்பின் மீது பட்டெழும் ஒளி கண்களைப் பாழாக்கிவிடும் என்பதற்காக. ஒருவரைப் படமெடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நம் குழந்தைகளுக்கும் நல்ல பழக்கமாகும்.

உப்பளங்களைக் கடந்த சிறிது நேரத்தில் ஆத்தூர் வந்துவிடும். தாமிரபரணி கடலை நெருங்கும் இடம் இது. சற்றுமுன் புல் பூண்டற்ற வெண்ணிலம். இப்போது வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். ஒரே ஆற்றின் நீர் செய்யும் வேறுபாட்டைக் குழந்தைகளுக்குப் புவியியல் நூலின்றியே விளக்கிவிடலாம்.

திருச்செந்தூரில் முருகன் கோயில் கடலின் விளிம்பிலேயே அமைந்துள்ளது. அறுபடை வீடுகளில் ஒன்றாதலின் விடுமுறை நாள்களில் கூட்டம் மிகுதி. வண்டி நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது கழிந்துவிடக்கூடும். அவ்வூருக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள தேரிக்காட்டைப் பலர் காணாமலே சென்றுவிடுகின்றனர் என்பதே என் குறை. இரும்புத் துரு கலந்தமையால் குருதி போல் சிவந்த மணல், பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று கொணர்ந்து குவித்த மேடுகளாக, பனைமரங்களை இடுப்பளவு புதைத்துக்கொண்டு கிடக்கிறது. நண்பகலில் இதன் நிறம் வெளிறித் தோன்றும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் கனல் போல் ஒளிரும். கோடை, பதநீர் இறக்கும் பருவமுமாகும். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயங்களுடன் பனையேறுவோர் அதிகாலையில் மரமேறி இறங்குவதையும், அப்பதநீரைப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பதையும் உடன்குடிப் பக்கத்தில் காணலாம். உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஓலைப்பட்டையில் ஊற்றித்தரும் பதநீருக்கு ஈடான கோடைப் பானம் எதையும் யான் அறியேன். வெயில் ஏறுமுன் பருகிவிட வேண்டும்.

குலசேகரப்பட்டினத்தைத் தாண்டினால் மணப்பாடு. இப்பயணத்தில் ஓரிடத்தில் மட்டுமே நிற்க நேரம் உண்டு என்றால் அது இங்குதான். கடலுக்குள் மூக்கு நீட்டிய மணற்பாறைக் குன்றின்மேல் 1581ஆம் ஆண்டின் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1542இல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை, குன்றின் கடற்பக்கத்தில் உள்ளது. மேலே ஏறி நின்றால் ஒருபுறம் அலைகடல். மறுபுறம் கரமனையாற்றின் முகத்தில் அலையின்றிக் கிடக்கும் நீர்ப்பரப்பு. இடையில் வெண்மணல் நாக்கு. அப்பால் ஓட்டு வீடுகளுக்கு மேல் உயர்ந்த கோபுரங்களுடன் ஊர். புகைப்படக் கருவி இல்லாதவர்க்கும் அக்காட்சி மறவாது.

ஆனால் அக்காட்சியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குக் கடற்கரை என்பது ஓய்விடம்; மணப்பாட்டாருக்கு அது வேலைத்தளம். வலை உலர்வதும், படகு பழுதுபார்க்கப்படுவதும், மீன் ஏலம் போவதும் அந்த மணலிலேதான். காய வைத்த வலையை மிதித்து நடப்பதும், பிறர் படகில் ஏறி நின்று படமெடுப்பதும், நம் நெற்களத்தில் அயலார் செருப்புடன் நடப்பதற்கு ஒப்பாகும். கோடையில் வருவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். மீன்கள் இனம்பெருகும் பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் இக்கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. 2001இல் 45 நாள்களாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாள்களாயிற்று. ஆகவே தூத்துக்குடித் துறையிலும், கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டத்திலும் வரிசையாகக் கட்டுண்டு நிற்கும் வண்ணப் படகுகள் நம் படத்திற்கு அழகு. அவற்றில் தொழில் செய்யும் குடும்பங்களுக்கோ வருமானமற்ற இரண்டு மாதங்கள். மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளையும் பெட்டிகளையும் வாங்க இதைவிடத் தக்க காலம் இல்லை. பேரம் பேசாது வாங்குங்கள்.

உவரியில் புனித அந்தோணியார் திருத்தலமும், கப்பல் வடிவில் எழுப்பப்பட்ட மாதா கோயிலும் உள்ளன. பிற்பகல் வெயிலுக்கு அங்கே நிழல் உண்டு. கூடங்குளம் பக்கம் காற்றாலைகளின் காடு. அணுமின் நிலையத்தை நோக்கிக் கருவியைத் திருப்பாமல் கடந்துவிடுக.

கன்னியாகுமரியைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை மண்டபத்தையும், 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி உயர வள்ளுவர் சிலையையும் இணைத்து, 2024 டிசம்பர் இறுதியில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டுள்ளது. மே மாதத்தில் கதிரவன் வடமேற்கே சாய்ந்து மறைவதால், நாட்காட்டிப் படங்களில் காண்பது போல் நடுக்கடலில் மூழ்கும் காட்சியை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். உதயமே இங்குச் சிறப்பு.

குமரியிலிருந்து மேற்கே திரும்பும் சாலையில் தென்னந்தோப்புகளுக்கிடையே சிறு சிறு கடற்கரைகள் பல உள. கூட்டமின்மையே அவற்றின் கவர்ச்சி. அவற்றில் ஒன்றான கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 2024ஆம் ஆண்டு மே 6 அன்று மருத்துவ மாணவர் ஐவர் அலையால் இழுக்கப்பட்டு மாண்டனர். புயலில்லை, மழையில்லை, விடுமுறைக்கு ஏற்ற நாளாகவே வானம் தோன்றியிருக்கும். இதற்குக் காரணமான பேரலையைக் 'கள்ளக்கடல்' என்று கேரளக் கரையில் வழங்குவர்; அப்பெயரையே அறிவியல் உலகும் ஏற்றுக்கொண்டுள்ளது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அப்பால் எழும் புயல்களால் பிறக்கும் நீண்ட அலைகள், சில நாள்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே காற்று அசையாதிருக்கும்போதே கடல் திருடனைப் போல் வந்து கரையேறிவிடும். ஏப்ரல், மே மாதங்களே இது மிகுதியாக நேரும் காலம். நம் விடுமுறைக் காலமும் அதுவே. ஹைதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் இதனை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை விடுக்கிறது. மேற்சொன்ன நாளிலும் எச்சரிக்கை இருந்தது. புறப்படும் நாளின் காலையில் கைப்பேசியில் அவ்வறிவிப்பைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கரையிலிருக்கும் மீனவர் ஒருவரிடம் "அண்ணே, இங்க இறங்கலாமா?" என்று கேட்க அதனினும் குறைந்த நேரமே ஆகும். அவர் வேண்டாம் என்றால், குழந்தைகள் எவ்வளவு அழுதாலும் இறங்கலாகாது. கடலுக்கு முதுகு காட்டிப் பாறைமேல் நின்று படமெடுக்கும் வழக்கத்தை இக்கரை முழுவதிலுமே விட்டொழிக்க வேண்டும்.

முட்டத்துப் பாறைகளைப் பார்க்கையில் இவ்வெச்சரிக்கை இன்னும் பொருளுடையதாகும். 1981இல் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் காட்சிகள் வாயிலாகத் தமிழகம் முழுதும் அறிந்த கரை அது. செம்மண் மேட்டில் கலங்கரை விளக்கம், கீழே கரும்பாறைகள், அவற்றில் மோதி வெண்புகையாய்ச் சிதறும் அலை. நீர்வரை இறங்காமல், மேட்டிலேயே நின்று எடுத்தால்தான் பாறையும் அலையும் வானமும் ஒருசேரப் படத்தில் அடங்கும். அழகுக்கும் பாதுகாப்புக்கும் இங்கு ஒரே இடம் வாய்த்திருப்பது நம் பேறு.

மேற்குக் கரையின் மீன்பிடித் தடை ஜூன் முதல் நாள்தான் தொடங்குகிறது. ஆதலால் மே மாதத்தில் செல்வோர், படகுகள் கரை திரும்பும் வேளையில் ஊரைச் சேர்ந்தால், வலையிலிருந்து இறங்கிய மீனை ஏலத்திலேயே வாங்கலாம். பெரிய பாத்திரம் ஒன்றை வண்டியில் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.