ஆமைக் கொட்டகையின் கதவு

மழைக்காலத்தில் மரக்கதவுகள் இறுகிக்கொள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். காற்றில் உள்ள ஈரத்தை மரம் உறிஞ்சுகிறது, உறிஞ்சியதும் பருக்கிறது. ஆனால், அது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் பருப்பதில்லை. நாரோட்டத்தின் குறுக்கே அகலும் பலகை, நீளவாக்கில் ஏறத்தாழ மாறாமலே இருக்கும். இதைப் பாடநூலில் மட்டும் படித்திருந்தால் என்றோ மறந்திருப்பேன். முதிய தச்சர் ஒருவர் கதவிலேயே காட்டியதால் இன்றும் நினைவில் நிற்கிறது.

தந்தையாரின் பணி மாறுதலால் எங்கள் குடும்பம் அப்போது குஜராத் மாநிலத்தின் வடோதராவில் வாழ்ந்தது. நகருக்கு வெளியே இருந்த வன உயிரின மீட்பு மையம் ஒன்றுக்கு நான் ஞாயிறுதோறும் தன்னார்வப் பணிக்குச் செல்வேன். கடத்தல்காரர்களிடமிருந்தும் வீடுகளிலிருந்தும் மீட்கப்பட்ட நட்சத்திர ஆமைகள் அங்கே இருந்தன. கருநிற ஓட்டில் மஞ்சள் கோடுகள் விண்மீன்போல் விரியும் அந்த அழகே அவற்றுக்குப் பகை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். 2019-ஆம் ஆண்டில் பன்னாட்டு வணிகத்திலும் அவற்றுக்கு மிகக் கடுமையான தடை வந்தது. இருந்தும் பெட்டிகளிலும் பைகளிலும் அடைத்துக் கடத்துவோர் இருக்கவே செய்கின்றனர்.

கம்பிவேலி சூழ்ந்த புல்வெளியின் ஓரத்தில் ஆமைகளுக்கென ஒரு தாழ்ந்த கொட்டகை இருந்தது. பகலில் அவை புல்வெளியில் மேயும்; மாலையில் உள்ளே அடைக்கப்படும். இரவில் கீரிகளும் பெருச்சாளிகளும் குட்டி ஆமைகளைத் தேடி வருமாதலால் கதவை அடைத்தே தீரவேண்டும். ஆடி மாதத்து அடைமழையில் அந்தக் கதவு இறுகிவிட்டது. இரண்டு அடி அகலமுள்ள அந்தப் பலகைக் கதவை அடைக்கத் தோளால் முட்ட வேண்டும். திறக்கவோ இரு கைகளாலும் வெடுக்கென்று இழுக்க வேண்டும். மழைக்காலம் நட்சத்திர ஆமைகள் சுறுசுறுப்பாக நடமாடும் காலம். வெளிப்புறமாகத் திறக்கும் அக்கதவின் முன்னே எப்போதும் ஓர் ஆமையாவது நின்றுகொண்டிருக்கும். திடீரென விடுபடும் கதவு அதன் ஓட்டில் மோதினால் என்னாவது என்பதே எங்கள் கவலை.

பராமரிப்பாளர் ஒரே வழியைத்தான் சொன்னார். "அரை அங்குலம் சீவி எறிந்துவிடுங்கள். கதை முடிந்தது."

தச்சர் உடனே கருவியை எடுக்கவில்லை. அவரை எல்லாரும் 'காகா' என்றே அழைப்பர். குஜராத்தியில் சிற்றப்பனைக் குறிக்கும் சொல் அது. கதவைப் பாதி திறந்து, தாழ்ப்பாள் பக்கத்து முனையைப் பிடித்து மேலே தூக்கினார். கதவு சற்றே எழும்பியது. பிறகு என்னிடம் நீலச் சுண்ணக்கட்டி ஒன்றைக் கொடுத்து, நிலைச்சட்டத்தின் உள்விளிம்பு முழுவதும் தேய்க்கச் சொன்னார். கதவை ஒருமுறை அடைத்துத் திறந்தபோது, அதன் பக்கவாட்டில் நடுப்பகுதியிலும் அடிவிளிம்பின் மூலையிலும் நீலம் ஒட்டியிருந்தது.

"பேட்டா, பலகையின் நார் எப்படி ஓடுகிறது, பார்" என்றார்.

"மேலிருந்து கீழாக ஓடுகிறது, காகா."

"அப்படியானால் மழை இதை அகலமாக்கும், நீளமாக்காது. பக்கவாட்டில் உரசுவது மழையின் வேலை. அடியில் உரசுவது கீலின் வேலை."

அவர் சொன்னவாறே, மேற்கீலின் திருகாணிகள் துளையில் பிடிப்பின்றி ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றி, மூங்கில் சிம்புகளைத் துளைக்குள் அடித்து இறுக்கி, மிஞ்சியதை நறுக்கிவிட்டு, மீண்டும் முடுக்கினார். கதவு நிமிர்ந்தது, அடியில் உரசுவது நின்றது. அங்கே ஒரு நூலளவும் சீவ வேண்டியிருக்கவில்லை. பராமரிப்பாளர் சொன்னபடி சீவியிருந்தால் அடியில் வீணாக ஓர் இடைவெளிதான் மிஞ்சியிருக்கும். அரை அங்குல இடைவெளி ஓர் எலி நுழையப் போதும்.

பக்கவாட்டை மட்டும் இழைப்புளியால் சீவினார். நீலம் பட்ட இடத்தில் மூன்று நான்கு இழுப்புகள், மீண்டும் சுண்ணக்கட்டி, மீண்டும் சோதனை. நிலைக்குள் முதலில் நுழையும் உள்விளிம்பைச் சற்றுச் சரிவாக்கினார். கதவு உரசாமல் அடைந்ததும் நிறுத்திவிட்டார். "இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே" என்றார் பராமரிப்பாளர். "மழையில் பருத்த மரத்தை மழைக்கே அளவெடுத்துச் சீவினால், குளிர்காலத்தில் அது சுருங்கும்போது காற்று உள்ளே வரும். அப்போது நடுங்கப்போவது நீங்களா, ஆமையா?" என்று காகா கேட்டார். எஞ்சிய பிடிப்புக்கு மெழுகுவத்தியை விளிம்பில் அழுந்தத் தேய்த்தார்.

எனக்கு வாய்த்தது பெருக்கும் வேலை. எளிய வேலைதான் என்றாலும், அன்று அதில் ஒளிந்திருந்த ஆபத்து பெரிது. தரையில் கிடப்பதையெல்லாம் ஆமைகள் கடித்துப் பார்க்கும். ஆகவே சீவல்களையும் சிம்புகளையும் ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளினேன். கழற்றிய திருகாணிகள் ஆறு; பெட்டிக்குத் திரும்பியவையும் ஆறு. அதை எண்ணிச் சரிபார்த்த பிறகே ஆமைகளைக் கொட்டகைப் பக்கம் விட்டோம்.

சீவிய விளிம்புக்கு அன்றே வண்ணம் பூசக் காகா உடன்படவில்லை. ஈரமரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும் என்றார். ஐப்பசியில் வெயில் காய்ந்தபின் வந்து, ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை பூசினார். பலகைகளின் மேல்முனையிலும் அடிமுனையிலும்தான் மிகுதியாகப் பூசினார். நார்கள் வாய்திறந்திருக்கும் அவ்விடங்கள் வழியாகவே மரம் நீரை விரைவாகக் குடிக்குமாம். பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் கண்ணுக்குத் தெரியாத இம்முனைகளை வண்ணம் பூசாமலே விட்டுவிடுகிறார்கள். பிறகு மழையைக் குறை சொல்கிறோம்.

மார்கழியில் ஒரு விடியற்காலையில் அந்தக் கதவைப் பார்க்கச் சென்றேன். பக்கவாட்டு இடைவெளியில் மூன்று நாணயங்களை அடுக்கி நுழைக்க முடிந்தது, நான்காவது நுழையவில்லை. பராமரிப்பாளர் உட்புறத்தில் ஒரு கோணிப்பையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். ஆமைகள் தலைகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, வைக்கோலில் அசையாமல் கிடந்தன.