கட்சிக்காகக் காதலை முறிப்பார்களா?

"போயும் போயும் கட்சிக்காகவா காதலை முறிப்பார்கள்?" என்று சிரிக்கிறோம். கட்சி வேறு, அரசியல் வேறு. 1992 அமெரிக்கத் தேர்தலில் கிளின்டனுக்காக உழைத்த ஜேம்ஸ் கார்வில்லும் எதிரணியில் புஷ்ஷுக்காக உழைத்த மேரி மேட்டலினும் மறு ஆண்டே மணந்துகொண்டார்கள். வரி எவ்வளவு என்று மோதிக்கொண்டே ஒரே தட்டில் சாப்பிடலாம். ஆனால், சாதி மறுப்புக் காதலை 'நாடகக் காதல்' என்று பழிக்கும் மேடைக்குக் கைதட்டுகிறவரோடு, அந்தப் பழியைச் சுமக்கும் சாதியில் பிறந்தவர் எப்படிக் குடித்தனம் நடத்துவார்?

"வீட்டுக்குள் அரசியல் எதற்கு?" என்பார்கள். சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றானதே 1967-இல் அரசியல் செய்த வேலைதான். "பேசிப் பேசி மாற்றலாமே?" மாற்றலாம்; ஆனால் அவர் மாறும்வரை இன்னொருவர் தன் மானத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. டீக்கடைக் கருத்தைச் சகித்துக்கொள்ளலாம். சொந்தபந்தம் வாசலில் வந்து கத்தும்போது பக்கத்தில் நிற்காத காதலை எதற்குச் சகிக்க வேண்டும்?