பேசாத சூசையப்பர்

நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், கனவில் சொன்னபடி செய்கிறார். பச்சைக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குக் கிளம்புகிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எருசலேமில் தொலைத்து, மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்த இடத்தில்கூட, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்பது மாதாதான். இவர் பக்கத்தில் நிற்கிறார். அதற்கப்புறம் அவர் பெயர் அங்கங்கே அடிபடுவதோடு சரி. எப்போது செத்தார், எதனால் செத்தார் என்று மத்தேயுவும் எழுதவில்லை, லூக்காவும் எழுதவில்லை.

"கதை எழுத எப்படி வந்தீர்கள்?" என்று கேட்பவர்கள் ஒரு நூலகத்தையோ, ஒரு தமிழாசிரியரையோ, பட்டினி கிடந்த இளமையையோ எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் இருப்பது இந்தப் பேசாத தச்சர்தான்.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர் பக்கம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. களத்தில் குவித்த வெங்காயத்தில் தாளை அரிந்து தள்ளுவது பெண்கள் வேலை. கையும் அரிவாளும் ஒருபக்கம் ஓட, வாய் மறுபக்கம் கதை சொல்லும். என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விவிலியத்தில் எந்த இடத்தில் ஆள் குறைகிறது என்று நன்றாகத் தெரியும். எகிப்துக்குத் தப்பி ஓடுகிற கதையை அவள் இப்படிச் சொல்வாள்: வழியில் ஒரு குடியானவன் சோளம் விதைத்துக்கொண்டிருக்கிறான். சூசையப்பர் அவனிடம், "யாராச்சும் எங்களத் தேடி வந்தா, நீ வெதைக்கிறப்ப இந்த வழியா போனாங்கன்னு உள்ளதச் சொல்லு" என்கிறார். விடிந்து பார்த்தால் கொல்லை முழுக்கக் கதிர் முற்றி நிற்கிறது. ஏரோதின் சேவகர்கள் குதிரையில் வந்து கேட்கிறார்கள். குடியானவன், "ஆமாங்க, நான் வெதைக்கறப்ப போனாங்க" என்கிறான். மூன்று நாலு மாதத்துக்கு முந்திய சங்கதி என்று அவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

உபதேசியார் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டார். "ஏம்மா, இது எந்த அதிகாரத்துல இருக்கு?"

"அதிகாரத்துல எல்லாம் இல்ல உபதேசியாரே. பச்ச புள்ளயத் தூக்கிக்கிட்டு ராத்திரியில ஓடறவங்க, வழியில ஒருத்தரயும் பாக்காமலா போயிருப்பாங்க?"

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் பழங்கதை இது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அங்கே கோதுமை, எங்கள் கொல்லையில் சோளம். எந்தப் பாதிரியாரின் வாய்வழி எங்கள் களத்துக்கு வந்ததோ. எனக்கு ஆச்சரியம் கதை வந்த தூரம் அல்ல, அப்பாயியின் பதில்தான். வேதம் பேசாமல் விட்ட இடத்தில் யார் நின்றிருப்பார் என்று கேட்பதை அவள் பக்தியின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தாள்.

இதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டவர் எங்கள் வட்டாரத்திலேயே இருந்திருக்கிறார். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடகரையில், திருமானூரை அடுத்த ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில் என்றால் திருச்சியிலிருந்து கும்பகோணம் வரை தெரியும். அரியலூர் ஜமீன்தார் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவையை வீரமாமுனிவர் குணப்படுத்தியதால் நிலம் கிடைத்தது என்பது கோயில் வரலாறு. 1680இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கிதான் இந்த வீரமாமுனிவர். முப்பது வயதை ஒட்டி இந்தியாவுக்கு வந்து, இந்த ஊரைத் திருக்காவலூர் ஆக்கிக் கலம்பகமும் பாடினார். அவருடைய தேம்பாவணி 1726இல் முடிந்தது. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. காப்பியத் தலைவன் யார்? மோசே இல்லை, தாவீது இல்லை, பேதுருவும் இல்லை. வாய் திறக்காத சூசையப்பர்! வளன் என்று பெயர் வைத்து அவரை முனிவர் பேச வைக்கிறார், நடக்க வைக்கிறார், சாகவும் வைக்கிறார். ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரீ மரியா தெ ஆக்ரெதா எழுதிய மாதாவின் வாழ்க்கைநூல் அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் யூதேயாவில் மருதநில வளத்தை ஓடவிட்டது அந்த அம்மையார் இல்லை; கொள்ளிடத்தையும் கம்பனையும் பார்த்த கண்கள்தான்.

அதே மனிதர்தான் பரமார்த்த குருவையும் எழுதினார் என்பது எனக்குத் தேம்பாவணியைவிட முக்கியம். தமிழ் படிக்க வரும் பாதிரியார்களுக்குப் பேச்சுத் தமிழ் பழக வேண்டுமே என்று எழுதிய கதைகள். மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார்கள். (மார்ச் மாதக் கொள்ளிடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் அவ்வளவு முட்டாள்தனமாகத் தோன்றாது.) 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இதை லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். இந்து மடங்களைக் கேலி செய்ய எழுதியது என்று சிலர் வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குருவும் சீடர்களும் எந்த மதத்தில் இல்லை? தானும் ஒரு குருவாக இருந்துகொண்டு குருவைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர் கையில்தான் கதை பிறக்கும்.

பெஸ்கி சேசு சபைக்காரர். அந்தச் சபையின் நிறுவனர் இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் 1548இல் அச்சான நூல். திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு தியானத்தில் அது எனக்கு அறிமுகமானது. இயேசு பிறப்பைத் தியானிக்கச் சொல்லும்போது இஞ்ஞாசியார் கொடுக்கும் கட்டளைகளைப் பாருங்கள்: நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதையைப் பார். அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா, மேடுபள்ளமா? குகை எவ்வளவு பெரிது, கூரை எவ்வளவு தாழ்வு? உள்ளே யார் யார்? மாதா, சூசையப்பர், குழந்தை, ஒரு வேலைக்காரப் பெண். அவர்களுக்குப் பணிவிடை செய்யும் ஏழை அடிமையாக நீயும் ஓரமாக நில்.

வேலைக்காரப் பெண்ணா? எந்த நற்செய்தியிலும் அவள் கிடையாது. ஒரு புனிதர், தியானப் புத்தகத்தில், கூசாமல் ஒரு கதாபாத்திரத்தைச் சேர்த்துவிட்டார்! அந்த அரைமணி நேர மௌனத்தில் என் மனம் குழந்தையிடம் போகவேயில்லை. அந்தப் பெண் மேலேயே நின்றது. கூலி பேசி வந்தாளா, சொந்தக்காரப் பெண்ணா? பெத்லகேமில் வேலை முடிந்ததும் யாரோடு திரும்பிப் போனாள்? எகிப்துக்குக் கிளம்பிய ராத்திரி அவளிடம் சொல்லிக்கொண்டு போனார்களா? தியானம் முடிந்து அனுபவத்தைப் பகிரச் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவு விடுதியில் எழுதியதுதான் என் முதல் கதை. அதில் அவள் பெரம்பலூர் மண்டியில் வெங்காயம் பொறுக்கும் பெண்ணாக மாறியிருந்தாள். பெத்லகேம் பாதை எனக்குத் தெரியாது. மண்டிப் பாதை தெரியும்.

எழுதியதும் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் "கதை விடாதே" என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாம் கட்டளை. மாத முதல் வெள்ளியில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது வழக்கமான பட்டியலோடு இதையும் சேர்த்துச் சொன்னேன்: "சாமி, இல்லாத ஆளை இருக்கற மாதிரி எழுதறேன்."

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஊதாரிப் பிள்ளைக்கு எந்த ஊருப்பா?" என்றார் வயதான சாமியார்.

"தெரியாதுங்க சாமி."

"அவன் அப்பன் பேரு?"

"தெரியாது."

"ஆண்டவருக்கும் தெரியாது. அவரே சொன்ன கதை அது. மூணு அருள்நிறைந்த மரியே சொல்லு. நோட்டை எடுத்துக்கிட்டு வா, படிச்சிப் பாக்கறேன்."

அப்பாயியின் குடியானவனையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் சேவகர்கள் ஏமாந்தார்கள், குழந்தை பிழைத்தது.

பாவசங்கீர்த்தனத்திலிருந்து நான் கற்ற வேறொன்றும் உண்டு. அங்கே முட்டி போட்டதும் அடுத்தவர் குற்றத்தைச் சொல்லத்தான் நாக்கு துடிக்கும். பங்காளி வரப்பை வெட்டினான், அதனால் நான் திட்டினேன். சாமியார் நிறுத்துவார்: "அவன் வந்து சொல்லிக்குவான். நீ உன்னுதச் சொல்லு." கதையில் ஒரு கெட்டவனை எழுத உட்காரும்போதெல்லாம் இந்தக் குரல் கேட்கிறது. வட்டிக்காரனை எழுதினால், எனக்குள் எங்கே வட்டிக்காரன் இருக்கிறான் என்று தேடிய பிறகுதான் அவன் முகம் தெரிகிறது.

தமிழின் முதல் நாவலை எழுதியவர் கத்தோலிக்கர் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. திருச்சிக்குப் பக்கத்துக் குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீப். பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. கதாநாயகனும் குடும்பமும் இந்துக்கள். மதமாற்றப் பேச்சே இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே ஓர் இடம் வருகிறது. செல்லப்பிள்ளை பிரதாபனை அடிக்கக் கூடாது. அவன் தவறு செய்தால் ஆசிரியரின் மகன் கனகசபைக்கு அடி. வேதநாயகர் அதை நகைச்சுவையாகத்தான் எழுதுகிறார். பெரிய வெள்ளி தோறும், குற்றமற்ற ஒருவர் மற்றவர்களுக்காக அடிபட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் காட்சி எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. அந்த நாவலில் பிரசங்கம் நீள்கிற பக்கங்களை நான் புரட்டித் தள்ளிவிடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மதம் கதைக்குள் வேராக இருக்கிற இடம் ருசிக்கிறது. பலகையாக நடப்பட்ட இடம் அலுக்கிறது.

விசுவாசம் இதமாக மட்டுமே எழுத்துக்கு அழைத்துப் போகும் என்று நினைக்க வேண்டாம். கன்னியர் மடத்தில் சேர்ந்து, வெளியே வந்து, 1992இல் கருக்கு எழுதிய பாமாவை மடமும் சபையும் தந்த காயமே எழுத வைத்தது. எங்கள் ஊர்களிலும் கல்லறைக்கு நடுவே சுவர் எங்கே, தேர் எந்தத் தெரு வரை வரும் என்ற பேச்சு ஓயவில்லை. அதை எழுதினால் "திருச்சபையைக் காட்டிக்கொடுக்கிறான்" என்பார்கள். எங்களுக்கு அடுத்த விருத்தாசலம் பக்கத்தைச் சேர்ந்த இமையம் கிறித்தவர் அல்ல. ஆனால் துணி வெளுத்து, ஊர்ச்சோறு எடுத்து வாழும் ஆரோக்கியம் என்ற கத்தோலிக்கப் பெண்ணை 1994இல் கோவேறு கழுதைகளில் அவர் எழுதியது போல, கோயிலுக்குள் இருந்த நாங்கள் யாரும் எழுதவில்லை. எங்கள் பூசையில் முன்வரிசைக்கு வராத பெண் அவள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கதை வந்தது. குடிகார அண்ணன், அவனைப் பார்த்துக்கொள்ளும் தங்கை. கடைசிவரை அவன் திருந்துவதில்லை. பங்கில் எனக்கு மிகவும் வேண்டிய ஒருவர் பூசை முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டார். "ஒரு தியானத்துக்கு அனுப்பித் திருத்தியிருக்கலாமே தம்பி? நீங்க கோயில் பிள்ளையாச்சே."

லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தை முழுக்கப் படியுங்கள் அண்ணே என்றேன். ஊதாரி இளையவன் திரும்பி வந்தாயிற்று, கன்று அடித்தாயிற்று, பாட்டும் ஆட்டமும் நடக்கிறது. காலமெல்லாம் கொல்லையில் உழைத்த மூத்தவன் கோபத்தோடு வெளியே நிற்கிறான். அப்பா வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? ஆண்டவர் சொல்லவில்லை. கதை வாசலிலேயே நின்றுவிடுகிறது. தஸ்தாயெவ்ஸ்கி இதை நன்றாகக் கற்றவர். சைபீரியச் சிறைக்குப் போகும் வழியில் கிடைத்த புதிய ஏற்பாட்டைச் சாகும்வரை வைத்திருந்த மனிதர் அவர். கரமசோவ் சகோதரர்களில் விசாரணை அதிகாரி பக்கம் பக்கமாகப் பேச, எதிரே இருக்கும் கிறிஸ்து ஒரு வார்த்தை பேசுவதில்லை, எழுந்து முத்தமிடுகிறார். அவ்வளவுதான். அண்ணனுக்கு என் விளக்கம் பிடிக்கவில்லை. "இருந்தாலும் நீங்க திருத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பங்குகளில் மறைக்கல்வி ஆண்டு விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வினாடி வினாவும் வசனம் மனப்பாடமும் இருக்கட்டும். அதோடு ஒரு கதைப் போட்டியும் வையுங்கள். நல்லொழுக்கக் கதை கேட்காதீர்கள். மூத்த மகன் உள்ளே போனானா, போனால் என்ன பேசினான், போகாவிட்டால் அன்றிரவு எங்கே படுத்தான் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். பரிசுக்குப் பரமார்த்த குரு கதைப் புத்தகங்களை வாங்கித் தருவது என் பொறுப்பு.