சேதம் செய்து பழகுகிறவர்கள்

கோயம்புத்தூரில் ஓர் அறைக்குள் நுழைந்தபோது, ஓர் இளைஞர் நல்ல கிட் ரெப்போ (நிரல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் சேர்த்து வைக்கும் களஞ்சியம்) ஒன்றை வேண்டுமென்றே கெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்பின் நடுவே ஒரு பைட்டை மாற்றினார். இன்னொன்றைக் காலியாக்கினார். மூன்றாவதை அழித்தே விட்டார். பிறகு, குழுவாகக் கட்டிவரும் பழுதுநீக்கும் நிரலை ஓடவிட்டார். பகலில் கையால் செய்வதை இரவு முழுக்க ஒரு ஸ்கிரிப்ட் செய்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக. 2013-இல் கிட்-ரிப்பேர் கருவியை ஹாஸ்கெல் மொழியில் எழுதிய ஜோயி ஹெஸ்ஸும், கண்டபடி சேதம் செய்யும் நிரல் ஒன்றைக் கூடவே எழுதித்தான் அதைச் சோதித்தார்.

காலிக் கோப்புதான் அதிகம் வரும் கேஸ் என்றார் அந்த இளைஞர். புதிய ஆப்ஜெக்ட்டை, அதாவது சேமிக்கும் ஒரு துண்டை, தனிக் கோப்பாக எழுதும்போது, அது வட்டில் உண்மையாகவே இறங்கும்வரை கிட் இயல்பாகக் காத்திருப்பதில்லை, வேகத்துக்காக அப்படி. அந்த நொடியில் கரண்ட் போனால் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

சேதத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட், சேமிக்கும் ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே வழக்கமாக 40 எழுத்துப் பெயரைக் கணக்கிடுகிறது. ஒரு பிட் பிசகினாலும் பெயர் பொருந்தாது. ஆனால் பெயரை வைத்து உள்ளடக்கத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது. அதே ஆப்ஜெக்ட் வேறெங்காவது பிழைத்திருக்க வேண்டும். அதனால் நிரல் முதலில் பல ஆப்ஜெக்ட்டுகளை அடைத்து வைத்திருக்கும் பேக் கோப்புகளைப் பிரித்து நல்லதைத் தனியே எடுக்கிறது, கெட்டதை ஒதுக்குகிறது, இல்லாததை மற்ற பிரதிகளில் தேடுகிறது. கிடைத்ததன் பெயர் பொருந்திவிட்டால் சந்தேகமே இல்லை. இந்த எல்லைவரை மனிதர் யாரும் குறுக்கே வரத் தேவையில்லை.

எங்குமே கிடைக்காவிட்டால்? பிராஞ்ச்சை, அதாவது வேலை எதுவரை வந்தது என்று காட்டும் குறியை, பின்னுக்கு நகர்த்தி, முழுதாக இருக்கும் கடைசிக் கமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) நிறுத்த வேண்டும். அதற்குப் பிந்தைய வேலை போய்விடும். ஹெஸ்ஸின் கருவி, கட்டாயப்படுத்தச் சொல்லும் விருப்பத்தைத் தந்தால் ஒழிய இதைச் செய்யாது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக்கா எழுப்பிக் கேக்கறது? அதுவே பண்ணட்டுமே," என்றார் இளைஞர்.

"யாரோட வேலை போகுதுன்னு அதுக்குத் தெரியாது தம்பி. நமக்கும் தெரியாது," என்றார் குழுவை நடத்தும் அக்கா.

நான் அக்கா பக்கம். அவர் வற்புறுத்தியதால், ஒதுக்கப்படும் எதையும் நிரல் அழிப்பதில்லை. தனிக் கோப்புறையில் வைக்கிறது. பிராஞ்ச் முன்பு நின்ற இடத்தையும் குறித்துக்கொள்கிறது.

மற்ற பிரதிகளை நம்புவதிலும் அவருக்குத் தயக்கம் உண்டு. 2013 மார்ச்சில் கேடிஈ என்ற மென்பொருள் திட்டத்தின் கிட் சர்வரில் கோப்பு முறைமை கெட்டது. மிரர் சர்வர்கள் அந்தக் கேட்டையும் ஒழுங்காக நகலெடுத்துக்கொண்டன. சுமார் 1500 ரெப்போக்கள் பறிபோகும் நிலை. புதிதாக அமைத்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் நல்ல நகல் தப்பியிருந்ததால் மீண்டன. இதைச் சொல்லித்தான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் பாடம் தொடங்குகிறார். கொடுக்கிற பிரதியையும் முழுக்கச் சோதித்த பிறகே நிரல் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெரிய ரெப்போவில் இது மணிக்கணக்கில் இழுக்கும். அந்த நேரத்தைக் குறைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

நான் கிளம்பும்போது இருவரும் அறிக்கையின் வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். முன்பு 'சரிசெய்யப்பட்டது' என்று ஒரே வரி வந்துகொண்டிருந்தது. இப்போது எந்தக் கோப்பு, யாருடைய கமிட், எந்தத் தேதிவரை மீண்டது, எது மீளவில்லை என்று நீளமாக வருகிறது. மீளாதவற்றை மேலே வைக்கச் சொன்னவர் அந்த இளைஞர்தான்.