404 சொன்னது யார்?

திங்கள், விழுப்புரம்

திண்டிவனம் மல்லாட்டை (நிலக்கடலை) மண்டிக்காரர் காலையிலேயே போன் செய்தார். "தம்பி, ஆப்பைத் திறந்தா வெள்ளையாவே நிக்குது. விலை கேட்டு ஆளுங்க வந்து நிக்கிறாங்க."

மண்டி விலையைக் காட்டும் அந்த ஆப் திறந்ததும் முதல் வேலையாக சர்வரிடம் அமைப்பு விவரங்களைக் கேட்கும்: எந்த மொழி, விலை எத்தனை மணிக்கு மாறும், பட்டியல் எந்த முகவரியில் என்று. அதற்கென வேர்ட்பிரஸில் தனி ரெஸ்ட் எண்ட்பாயிண்ட் எழுதியிருக்கிறோம்.

ஆப்பைத் தொடாமல், கர்ல் கொண்டு அதே முகவரியைக் கேட்டேன். 404. இந்த இடத்தில் பலர் உடனே நிரலைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த 404-ஐச் சொன்னது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். ஜேசானாக வந்து 'ரெஸ்ட்_நோ_ரூட்' என்றிருந்தால் கோரிக்கை வேர்ட்பிரஸ் வரை போயிருக்கிறது. வழி பதிவாகவில்லை, அல்லது பெயரிலோ மெத்தடிலோ பிழை. எனக்கு வந்தது அப்பாச்சியின் ஹெச்டிஎம்எல் பக்கம். கோரிக்கை வாசலிலேயே நின்றுவிட்டது. '?ரெஸ்ட்_ரூட்=' என்ற மாற்று வடிவில் கேட்டதும் பதில் ஒழுங்காக வந்தது. நிரல் சரி, பாதையில்தான் அடைப்பு.

சர்வரை மாற்றியவர்கள், கோரிக்கையை வேர்ட்பிரஸுக்குத் திருப்பிவிடும் ஹெச்டிஅக்சஸ் கோப்பை விட்டுவிட்டிருந்தார்கள். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் நகலெடுக்கும்போது கண்ணில் படாது. பெர்மாலிங்க் பக்கத்தில் சேமிப்புப் பொத்தானை அழுத்தியதும் வேர்ட்பிரஸ் அதைத் திரும்ப எழுதிக்கொண்டது.

செவ்வாய், திண்டிவனம்

விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாக பஸ்ஸில் போய் மண்டியில் உட்கார்ந்தேன். ஆப் திறக்கிறது, காலையில் மாற்றிய விலை நேரம் மட்டும் வரவில்லை. புதிய சர்வர் மற்றப் பக்கங்களைப் போல இந்தப் பதிலையும் கேச்சில் வைத்துக்கொண்டு பழையதையே நீட்டியது. லாகின் செய்யாதவருக்குப் போகும் ரெஸ்ட் பதிலுக்கு வேர்ட்பிரஸ் பொதுவாகக் கேச் தடை போடுவதில்லை. அந்தப் பாதைக்கு 'நோ-ஸ்டோர்' சேர்த்து, கேச்சைக் காலி செய்தேன்.

"இப்ப வந்துடுச்சு தம்பி" என்றார்.

புதன், விழுப்புரம்

மூட்டையோடு வந்தவர் விலை தெரியாமல் நிற்பது சின்ன விஷயமில்லை. 2024 பிப்ரவரியில் திருச்சிற்றம்பலத்தில் நியோ டைடல் பூங்கா திறந்த பிறகு, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பக்கத்திலேயே ஆப் எழுதும் வாய்ப்பு வந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: கடைசியாகச் சரியாக வந்த அமைப்பையும் விலையையும் ஆப்புக்குள்ளேயே வைத்திருங்கள். சர்வர் பதில் சொல்லாதபோது அவற்றைக் கொண்டு திறக்கட்டும்; "இது நேற்றைய விலை" என்று தமிழில் ஒரு வரி காட்டுங்கள்.