பரம்பும் பலகையும்

விளாங்குடியில் குடியிருப்பவனுக்குத் தண்ணீர்மேல் நிற்கும் ஆசை கொஞ்சம் அதிகப்படிதான். வைகை பக்கத்திலேயே ஓடுகிறது. ஓடுகிறது என்பது ஒரு மரியாதைக்கு. அணையைத் திறந்தால் சில நாள் ஆறு நிறையும், உடனே யாரும் இறங்கக் கூடாது என்று அறிவிப்பும் வரும். மற்ற நாளெல்லாம் கருவேலமும் ஆகாயத்தாமரையும்தான். வண்டியூர் தெப்பக்குளம் இருக்கிறது, ஆனால் தைப்பூசத்துத் தெப்பத்தில் மிதக்கும் பாக்கியம் அம்மனுக்கும் சுவாமிக்கும். ஆகவே நின்றபடி துடுப்புப் போடும் பலகையைப் பழக, ராமநாதபுரம் தாண்டி, உச்சிப்புளிப் பக்கம் பிரப்பன்வலசைக் கடற்கரைக்குப் போனேன்.

பாக் விரிகுடாக் கரை அது. ஆழம் குறைவு, அலையும் குறைவு. விடியற்காலையில் கண்மாய்த் தண்ணீர் மாதிரி கிடக்கும். பழகுபவர்களுக்குத் தரும் பலகை பத்தரை, பதினோரு அடி நீளம். அகலம் 32 அங்குலத்துக்குக் குறையாது. பார்த்தால் கட்டில் போலத் தோன்றும், இதில் நிற்பதா பெரிய காரியம் என்றும் தோன்றும். மண்டியிட்டுத் துடுப்புப் போடும்வரை எல்லோரும் ராஜாதான். எழுந்து நின்றதும் தொடை இரண்டும் தந்தியடிக்க ஆரம்பிக்கும்.

ஏன் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். தரையில் நிற்கும்போதும் நாம் அசையாமல் நிற்பதில்லை. உட்காதும் கண்ணும் பாதத்தின் தொடுவுணர்வும் சேர்ந்து, கணுக்காலை இப்படியும் அப்படியும் இம்மியளவு திருத்திக்கொண்டே இருக்கின்றன. தரை பதிலுக்கு எதுவும் செய்யாததால் அது நமக்குத் தெரிவதில்லை. பலகை பதில் சொல்லும். இடப்பக்கம் சாய்ந்தோம் என்று வலக்காலை அழுத்தினால் அதுவும் வலப்பக்கம் சாயும்; பதறி மறுபடி இடக்காலை அழுத்துவோம். பயத்தில் முட்டி விறைத்துக்கொண்டால் திருத்தம் ஒவ்வொன்றும் தாமதமாகவும் அளவு மீறியும் வரும். அடுத்தது தண்ணீர்தான்.

“கீழ பாக்காதீங்கண்ணே, தூரமாப் பாருங்க” என்றான் சொல்லிக்கொடுத்த பையன். பலகை ஆடும்போது பலகையையே பார்த்தால், ஆடுகிற ஒன்றை ஆதாரமாகக் கண் எடுத்துக்கொள்ளும். வானம் கடலைத் தொடும் கோடு ஆடாது. பாதங்கள் தோளகலத்தில், பலகை நடுவே இருக்கும் கைப்பிடிக் குழியின் இருபுறமும், விரல்கள் முன்னோக்கி. முட்டி சற்றே மடங்கியிருக்க வேண்டும். கால்விரலால் பலகையைக் கவ்விப் பிடிக்க நினைப்பவர்களுக்குச் சீக்கிரமே பாதம் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் விளாங்குடிப் பக்கத்து வயல்காரர்கள் சொல்லித் தராமலே செய்தார்கள். 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்து, மனைகளாகவே மாறிவிட்ட இந்த ஊரில் இன்று சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது. நடவுக்கு முன், உழுத தொளியைச் சமப்படுத்தப் பரம்படிப்பார்கள். காளைகள் இழுக்க, வழுக்கும் பலகைமேல் ஆள் நிற்பான். கையில் கயிறு, மடங்கிய முட்டி, பார்வை மாட்டுக்கும் முன்னால். மேட்டில் பாரத்தை அழுத்திக் கொடுப்பான், பள்ளத்தில் தளர்த்துவான். அவன் நின்றது மாடு நகர்ந்ததால்தான். மாடு சட்டென்று நின்றால் தொளியில் கிடப்பான்.

கடலிலும் அதே கணக்கு. நின்றவுடன், முதலில் நிதானம் வரட்டும் என்று துடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு நிதானம் வரவே வராது. துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி இழுக்க வேண்டும். அதுதான் மூன்றாவது கால். பலகை முன்னேற ஆரம்பித்ததும் பக்கவாட்டு ஆட்டம் பாதியாவது அடங்கும். துடுப்பின் வளைவு தன் பக்கம் பார்க்க வேண்டும் என்றே பலரும் பிடிப்பார்கள். உண்மையில் அது முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

இந்த விளையாட்டை ஹவாயின் வைக்கீக்கிக் கரையில் அலைச்சறுக்குப் பயிற்றுநர்கள் வளர்த்தார்கள். அலைச்சறுக்கு வீரர் லயர்ட் ஹாமில்டன் போன்றவர்கள் 2000க்குப் பிறகு உலகெங்கும் பரப்பினார்கள். கட்டுமரத்தில் நின்று துடுப்புப் போட்ட நம் கரையோரத்தாருக்கு இது புதிதாகவா இருக்கும்? சென்னை அருகே கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவர். துடுப்புப் பலகையில் தேசிய அளவில் வென்ற சேகர் பச்சையும் அந்த ஊர்தான். நமக்கு அந்தக் கால் இல்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நின்று பழகலாம். பிறகு கண்ணை மூடியும். லேசாக நினைக்க வேண்டாம். பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரையுள்ள 1,702 பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவரால் பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்க முடியவில்லை.

விழுவதற்கும் முறை உண்டு. பலகைமேல் விழாமல் விலகி, தட்டையாக விழ வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து போய்விடும். லைஃப் ஜாக்கெட்டும் பலகையோடு காலைப் பிணைக்கும் கயிறும் இல்லாமல் இறங்கவே கூடாது.

காரணம் காற்று. சோழகம் என்னும் தென்காற்று வீசும் மாதங்களில் பிரப்பன்வலசையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் அலையே எழும்பாது. நிற்கப் பழகுபவருக்கு அதைவிட வசதி கிடையாது, ஆனால் அந்த வசதிதான் ஆளைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகிறது. நிற்கும் உடம்பு காற்றுக்கு ஒரு பாய். வெயில் ஏறிக் காற்று பலத்ததும், நன்றாக நிற்க வந்துவிட்டவர்களையும் அந்தப் பையன் மண்டியிடச் சொன்னான். “நின்னது போதும்ண்ணே, உக்காந்து வலிங்க.” குனிந்து வலித்தும் கரை நெருங்க வெகுநேரமானது.